மண்ணிலிருந்து வந்த ஊசி: காசநோய்க்கு மருந்து தந்த செல்மன் வாக்ஸ்மன் யார்? அந்த ஊசி போட்டால் நர்ஸ் ஏன் காதைப் பற்றிக் கேட்கிறார்?

ஜூன் மாதம், இடவப்பாதி மழை தொடங்கும் நேரத்தில் கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் நடந்தால் இரண்டு வாசனைகள் வரும். ஒன்று, பழைய கிடங்குகளிலிருந்து வரும் மிளகு, சுக்கு வாசனை. இன்னொன்று, நம் எல்லோருக்கும் தெரிந்த மண்வாசனை.

அந்த மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை பாக்டீரியாக்கள்தான் அதைப் பெருமளவில் உண்டாக்குகின்றன. காசநோயை எதிர்த்து உண்மையிலேயே வேலை செய்த முதல் ஆன்டிபயாடிக் மருந்தும் இதே பாக்டீரியா வகையிலிருந்து வந்ததுதான். பெயர், ஸ்ட்ரெப்டோமைசின்.

அமினோகிளைக்கோசைடு என்று மருத்துவர்கள் சொல்லும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. ஜென்டாமைசின், அமிகாசின் எல்லாம் அதன் தம்பிகள். இந்த ஊசிகளைப் போடும் வார்டுகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். காது சரியாகக் கேட்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, சிறுநீர் எவ்வளவு போனது என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்பார். காய்ச்சலுக்கு ஊசி போட்டால் காதைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

பதில், மண்ணை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதரின் கதையில் இருக்கிறது.

யார் இந்த வாக்ஸ்மன்?

செல்மன் ஆபிரகாம் வாக்ஸ்மன் 1888 ஜூலை 22 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த உக்ரைனின் நோவயா பிரிலுகா என்ற சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தங்கையை டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தார். தாயின் மறைவுக்குப் பிறகு, 1910இல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்.

நியூஜெர்சியில் உறவினர் ஒருவரின் பண்ணையில் தங்கினார். பக்கத்திலேயே ரட்கர்ஸ் கல்லூரி. மருத்துவம் படிக்க நினைத்தவர், கடைசியில் விவசாய அறிவியலில் சேர்ந்தார். 1915இல் பட்டம், 1918இல் கலிஃபோர்னியாவில் முனைவர் பட்டம். பிறகு மறுபடியும் ரட்கர்ஸுக்கே திரும்பினார். ஒரு பிடி மண்ணில் எத்தனை வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று எப்படிச் சண்டை போடுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அவரிடம் படித்த ரெனே டுபோ 1939இல் மண் பாக்டீரியாவிலிருந்து கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்ததும் வாக்ஸ்மனின் பாதை மாறியது. மண்ணில் நடக்கும் சண்டையை மருந்தாக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆய்வகம் முழுவதும் ஒரே வேலையில் இறங்கியது: மண்ணை எடு, நுண்ணுயிரை வளர்த்துப் பார், எது எதைக் கொல்கிறது என்று கவனி. ஆன்டிபயாடிக் என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

1940இல் ஆக்டினோமைசின், 1942இல் ஸ்ட்ரெப்டோத்ரிசின் என இரண்டு பொருள்கள் கிடைத்தன. கிருமிகளைக் கொன்றன, சரி. ஆனால் விலங்குகளுக்கும் நஞ்சாக இருந்தன.

1943 அக்டோபர்: அடித்தள அறையில் ஓர் இளைஞர்

முதுகுப் பிரச்சினையால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர், 1943இல் வாக்ஸ்மனின் ஆய்வகத்துக்குத் திரும்பினார். மாத உதவித்தொகை 40 டாலர். காசநோய்க் கிருமியோடு வேலை செய்வது ஆபத்து என்பதால், அவருக்குக் கட்டடத்தின் அடித்தளத்தில் தனி அறை ஒதுக்கப்பட்டது. ராத்திரி பகலாக அங்கேயே கிடந்தார்.

அந்த அக்டோபரில் அவர் தேடியது கிடைத்தது. சாம்பல் பச்சை நிறத்தில் வளர்ந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரீசியஸ் என்ற நுண்ணுயிர். ஒரு மாதிரி எரு போட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது. இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து. பென்சிலினால் ஒன்றும் செய்ய முடியாத கிருமிகளை இது கொன்றது. அவற்றில் காசநோய்க் கிருமியும் ஒன்று.

1944 ஜனவரியில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதலில் ஷாட்ஸ், அடுத்து எலிசபெத் பியூஜி என்ற ஆராய்ச்சி மாணவி, கடைசியில் வாக்ஸ்மன். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேயோ கிளினிக்கில் ஃபெல்ட்மன், ஹின்ஷா ஆகிய இருவரும் மருந்தைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1944 நவம்பரில் நோய் முற்றிய ஓர் இளம்பெண்ணுக்கு ஊசி போடப்பட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்தடுத்து வந்த நோயாளிகளில் சிலருக்குத் தலை சுற்றியது, நடை தள்ளாடியது. காதுக்குள் ஏதோ பாதிக்கப்படுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1948: மருந்து வந்தும் எட்டாத கை

கொச்சி மெட்ரோவில் போகிறவர்களுக்குச் சங்ஙம்புழா பார்க் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். இடப்பள்ளியில் பிறந்த மலையாளக் கவிஞர் சங்ஙம்புழா கிருஷ்ண பிள்ளையின் பெயர் அது. 1948 ஜூன் 17 அன்று காசநோயால் இறந்தார். வயது 36. சரியாக 13 நாள் கழித்து, ஜூன் 30 அன்று, திருவனந்தபுரத்தில் நம் புதுமைப்பித்தனும் அதே நோயால் இறந்தார். வயது 42.

ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது ஐந்தாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. ஆனால் உலகம் முழுக்க அது அரிய பொருள். பிரிட்டனிலேயே எல்லோருக்கும் கொடுக்கப் போதவில்லை. அந்தத் தட்டுப்பாட்டிலிருந்துதான் மருத்துவ வரலாற்றின் புகழ்பெற்ற ஒரு சோதனை பிறந்தது. 107 நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்தார்கள். 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள். போடாதவர்களில் 14 பேர்.

1948 அக்டோபரில் அந்த முடிவு வெளியானது. கூடவே ஒரு கெட்ட செய்தியும் இருந்தது. ஊசி போட்டவர்கள் பலரின் உடலில் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் காசநோய் தப்பித்துக்கொள்ளும், இன்னொரு மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

சரி, இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது?

பாக்டீரியா உயிர்வாழப் புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் தொழிற்சாலை ரைபோசோம். அமினோகிளைக்கோசைடுகள் அதன் சிறிய பாகத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. தயாராகும் புரதமெல்லாம் தப்பும் தவறுமாக வருகிறது, கிருமி செத்துப்போகிறது.

மாத்திரையாக விழுங்கினால் குடலிலிருந்து இது ரத்தத்தில் ஏறவே ஏறாது. அதனால்தான் தசையிலோ நரம்பிலோ ஊசியாகப் போடுகிறார்கள். உடலுக்குள் போனது அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிக்கல் அங்கேதான். போகிற வழியில் மருந்து சிறுநீரகச் செல்களில் தேங்குகிறது. உள்காதிலும் தேங்குகிறது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் தேறிவிடும். காது அப்படியில்லை. உள்காதில் ஒலியையும் உடலின் சமநிலையையும் உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் பெரும்பாலும் சமநிலையைக் கெடுக்கும். அமிகாசின் கேட்கும் திறனைக் கெடுக்கும். அதிலும் முதலில் போவது கீச்சுக் குரல் போன்ற உயர்ந்த ஒலிகள். அன்றாடப் பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் நோயாளிக்கே தெரியாது.

பெயர் யாருக்கு?

மருந்து பரவப் பரவ, ரட்கர்ஸின் அறக்கட்டளைக்குக் காப்புரிமைப் பணம் குவிந்தது. ஒரே நிறுவனத்திடம் உரிமை இருந்தால் மருந்து எல்லோருக்கும் போய்ச் சேராது என்று வாக்ஸ்மன் கவலைப்பட்டார். மெர்க் நிறுவனமும் தன் தனி உரிமையை விட்டுக்கொடுத்தது. இது அவர் கணக்கில் சேர வேண்டிய நல்ல காரியம்.

ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி தனிப்பட்ட முறையில் வாக்ஸ்மனுக்குப் போய்க்கொண்டிருந்தது ஷாட்ஸுக்குத் தெரியாது. உலகமே வாக்ஸ்மனை மட்டும் கண்டுபிடிப்பாளராகக் கொண்டாடியது. 1950இல் ஷாட்ஸ் வழக்குப் போட்டார். குருவை எதிர்த்து மாணவர் கோர்ட்டுக்குப் போனது அன்றைய அறிவியல் உலகத்துக்குப் பெரிய அதிர்ச்சி. அதே ஆண்டு டிசம்பரில் சமரசம் ஆனது. ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. உரிமத்தொகையில் வாக்ஸ்மனுக்கு 10 சதவீதம், ஷாட்ஸுக்கு 3 சதவீதம். ஆய்வகத்தில் வேலை செய்த மற்றவர்களுக்கும் சிறு பங்கு ஒதுக்கப்பட்டது. கட்டுரையில் இரண்டாவதாக இருந்த பியூஜியின் பெயர் காப்புரிமையில் இடம்பெறவே இல்லை.

1952இல் மருத்துவ நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் தரப்பட்டது. வழக்குப் போட்ட ஷாட்ஸுக்குப் பெரிய ஆய்வகங்களின் கதவுகள் திறக்கவில்லை.

சேத்துப்பட்டு கற்றுத்தந்த பாடம்

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்காமல், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது அந்த மையம்தான்.

ஆனால் வீட்டில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று யார் பார்ப்பது? 1960களில் அங்கேயே ஒரு வழி சோதிக்கப்பட்டது. வாரத்துக்கு இரண்டு முறை நோயாளி வருவார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடுவார்கள், ஐசோநயசிட் மாத்திரையைக் கண்முன்னே விழுங்கச் செய்வார்கள். ஊசியைத் தானே போட்டுக்கொள்ள முடியாது, இல்லையா? அதனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஊழியர் நோயாளியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை பிற்பாடு உலகம் முழுக்கப் பரவியதற்கு இது ஓர் அடித்தளம்.

இன்று வார்டில் எதைக் கவனிக்கிறார்கள்?

காசநோயில் இந்த ஊசிகளின் இடத்தை இப்போது பெரும்பாலும் மாத்திரைகளே பிடித்துவிட்டன. காதைக் காப்பாற்றுவதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் ஜென்டாமைசினும் அமிகாசினும் இன்றும் தேவைப்படுகின்றன. அப்போது நர்ஸின் கவனம் இவற்றில் இருக்கும்:

• எடையும் கிரியாட்டினினும்: டோஸ் எடையைப் பொறுத்தது. சிறுநீரகம் மந்தமானால் டோஸைக் குறைக்க வேண்டும், அல்லது இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

• நேரம்: அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் மருந்து போதிய அளவு இறங்கியிருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நேரம் தவறாக எழுதப்பட்டால் கணக்கே தவறிவிடும்.

• கூட்டு மருந்துகள்: ஃபியூரோசமைடு, வான்கோமைசின் போன்றவை கூடச் சேர்ந்தால் காதுக்கோ சிறுநீரகத்துக்கோ ஆபத்து கூடும். பென்சிலின் வகை மருந்துகளை இதனுடன் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. மருந்தின் வீரியம் போய்விடும்.

• குடும்ப வரலாறு: தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால், சரியான டோஸே செவித்திறனைப் பறிக்கக்கூடும். கர்ப்பிணியா என்பதையும் கேட்பார்கள். கருவின் காதையும் மருந்து பாதிக்கலாம்.

ஆகவே நர்ஸ் கேட்டால் சும்மா தலையாட்டிவிடாதீர்கள். காதில் இரைச்சல், நடக்கும்போது தடுமாற்றம், சிறுநீர் குறைவது என எதுவாக இருந்தாலும் உடனே சொல்லுங்கள்.

வாக்ஸ்மனின் கடைசிக் காலம்

1949இல் நியோமைசினைத் தந்த பிறகும் வாக்ஸ்மன் ஓயவில்லை. உரிமத்தொகையில் உருவான நுண்ணுயிரியல் ஆய்வு நிறுவனம் இன்றும் ரட்கர்ஸில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1973 ஆகஸ்ட் 16 அன்று, 85 வயதில் இறந்தார்.

1948இல் தெரிந்த கெட்ட செய்தி மட்டும் இன்னும் முடியவில்லை. ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்கக் கேரள அரசு 2018இல் தனிச் செயல்திட்டம் தொடங்கியது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் மருந்துக்கடைகளைப் பிடிக்க 2024இல் ஆபரேஷன் அம்ரித் என்று சோதனைகளும் நடத்தியது. மட்டாஞ்சேரியில் மழை பெய்யும்போது எழும் மண்வாசனை இலவசம். அதே மண் தந்த மருந்து அப்படியில்லை. ஷாட்ஸ், பியூஜி போல நோபல் பட்டியலில் இடம்பெறாதவர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. அது இன்றும் ஆபத்தில்லாமல் வேலை செய்வது, ஒவ்வொரு ஷிஃப்டிலும் காதைப் பற்றிக் கேட்டு, சிறுநீரை அளந்து குறித்துவைக்கும் நர்ஸ்களை நம்பித்தான்.