டாக்டர் மில்லர் துரையவர்கள்

மில்லர் துரையின் பெயரை அறியாதார் நம் கலாசாலையில் இரார். ஆயினும் அவருக்கும் அவருடைய சபையார்க்கும் நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கை அறிந்தோர் சிலரே.

ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள தர்சோ என்னும் ஊரில் 1838-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் மில்லர், 1862-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வந்து சேர்ந்தனர். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்துநான்கு. ஜான் ஆண்டர்ஸன் பாதிரியார் 1837-இல் நிறுவிய பாடசாலை அக்காலத்தில் மிக நலிந்திருந்தது. அதனை வளர்த்து, வேறு சபைகளையும் அதன்கண் கூட்டி, 1877-இல் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையாக நிலைநாட்டியவர் இவரே.

ஒரு மிஷன் பாடசாலையின் பயனை, அங்கு ஞானஸ்நானம் பெற்றோரை எண்ணியே அளப்பது அந்நாளைய சபைகளின் வழக்கம். ஆண்டர்ஸன் காலத்தில் உயர்குல மாணவர் சிலர் மதம் மாறியதும், அதனால் ஏனையோர் கூட்டமாக நீங்கியதும் பலர் அறிந்த செய்தி. மில்லர் துரையோ அவ்வளவுகோலை ஒப்பவில்லை. கலாசாலையின் பணி நிலத்தைப் பண்படுத்துவது; அறுவடை பிற்காலத்தார்க்குரியது. கிறிஸ்தவக் கருத்துக்கள் ஹிந்து சமூகத்தின் சிந்தையிலும் ஒழுக்கத்திலும் மெல்லப் பரவுமாயின், அதுவே பெரும்பயன் என்பது அவர் கொள்கை. 1872-ஆம் ஆண்டின் இறுதியில் அலகாபாத்தில் கூடிய மிஷனரி மகாநாட்டில் உயர்தரக் கல்விக்காக அவர் வெளிப்படையாகவே வாதாடினார். கிராமந்தோறும் சென்று பிரசங்கித்த மிஷனரிமார் பலர்க்கு இஃது உவப்பாயில்லை. விசுவாசிகள் அனுப்பும் காணிக்கைப் பணத்தை, உயர்குலத்துப் பிள்ளைகள் உத்தியோகம் பெறுதற்குச் செலவிடலாமோ என்ற குறை எழுந்தது. அக்குறையில் உண்மை அறவே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஏழை எளியோர் ஆயிரக்கணக்கிற் சபை சேர்ந்த அந்நாளில், நகரத்துக் கலாசாலை மேற்குலத்தாரையே பெரிதும் நோக்கி நின்றது.

வைதிகரும் அவரை வாளாவிட்டாரல்லர். 1888-இல் பிராமண மாணவரொருவர் ஞானஸ்நானம் பெறவிருக்கிறார் என்ற பேச்சுப் பரவவே, கலாசாலையில் மாணவர் கலகம் மூண்டது. மதமாற்றத்தில் ஊக்கமில்லாதவரென்று சபையாரிற் சிலரும், மதமாற்றமே கருத்தாயுள்ளவரென்று நகரத்தாரிற் சிலரும் ஒரே மனிதரைப் பழித்தது விந்தையே.

இத்தகைய வழக்குத் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. மதுரையில் தமிழ்நாட்டுத் துறவியர் கோலம் பூண்ட கத்தோலிக்க குரு ராபர்ட் தெ நோபிலியும் தம் சபையாராலேயே குற்றஞ்சாட்டப்பட்டு, 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் ஆதரவு பெற்றனர். மில்லர் துரைக்கு அவ்வாறான தீர்ப்பு யாதும் வந்திலது. எனினும் 1896-இல் ஸ்காட்லாந்துச் சுயாதீனத் திருச்சபை அவரைத் தன் பொதுச் சங்கத்தின் தலைவராக்கிற்று. 1901-இல் அவர் சென்னைச் சர்வகலாசாலையின் வைஸ் சான்ஸலரானார். பழைய மாணவர், அவருள்ளும் மிகப்பலர் ஹிந்துக்கள், அவர் உயிரோடிருக்கும்போதே அவருக்குச் சிலை எடுத்தனர். தம் சொந்தப் பொருளையும் கலாசாலைக்கு வாரி வழங்கிய அவர், 1907-இல் தாய்நாடு திரும்பி, 1923-இல் காலமானார்.

கலாசாலை 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரி மகாநாடு இங்கேயே கூடிற்று. ஹாலந்து தேசத்து அறிஞர் கிரேமர், கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சியில்லை என்றனர். நம் கலாசாலைத் தலைவராயிருந்த ஹாக் துரை, பிற சமயத்தாரிடத்தும் மெய்யான விசுவாசம் உண்டென்று அதனை மறுத்தனர். மில்லர் துரை மறைந்து அப்பொழுது பதினைந்தாண்டுகள் கழிந்திருந்தன.