யுத்த மந்திரி காலிபே பிரபு

சேனாதிபதிகள் யுத்த மந்திரிகளாவது எத்தேசத்திலும் புதுமையன்று. ஆயினும், 1899-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி பிரான்ஸில் வால்டெக்-ரூஸோ அமைத்த மந்திரி சபையில் காலிபே பிரபு அப்பதவியை ஏற்றது ஐரோப்பாவையே திடுக்கிடச் செய்தது. அதே சபையில் மில்லெராண் என்ற சமதர்மவாதியும் ஒரு மந்திரி. காலிபேயோ, பாரிஸ் தொழிலாளரைச் சுட்டுத் தள்ளியதற்காக, இருபத்தெட்டு வருஷங்களாகச் சமதர்மக் கட்சியினரால் கொலையாளியென்றே அழைக்கப்பட்டு வந்தவர். இவ்விருவரையும் ஒரே மேஜையில் அமர்த்திய அவசியம் யாது என்பதை நேயர்கள் அறிதல் நலம்.

காலிபே 1830-ல் பழைய பிரபு வம்சமொன்றில் பிறந்தார். 1848-ல் சாதாரணக் குதிரைவீரராகப் படையிற் சேர்ந்து, 1853-ல் உத்தியோகஸ்தரானார். கிரைமியா, இத்தாலி, அல்ஜீரியா ஆகிய போர்க்களங்களைக் கண்டார். மூன்றாம் நெப்போலியனுடைய அரண்மனையில் அவருடைய கேலிப் பேச்சுக்கும் ஊதாரித்தனத்துக்கும் ஒருங்கே பெயர் இருந்தது. 1863-ல் மெக்ஸிகோவில் பூப்லா நகர முற்றுகையின்போது வயிற்றில் கொடிய காயம் பட்டுப் பிழைத்தார். காயத்தின்மேல் வெள்ளித் தகடு பதித்திருந்தார் என்பது அந்நாளில் பாரிஸ் முழுதும் பேசப்பட்ட செய்தி.

வீரத்தில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர். 1870-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி செடான் களத்தில் தளபதி மார்கெரித் முகத்தில் குண்டு பட்டு வீழ்ந்தபோது, குதிரைப்படைத் தலைமை காலிபேயிடம் வந்தது. வெல்ல வழியில்லை என்றறிந்தும் அவர் ஜெர்மன் துப்பாக்கி வரிசைகளின்மீது மீண்டும் மீண்டும் பாய்ந்தார். எதிர்க் குன்றிலிருந்து நோக்கிய பிரஷ்ய மன்னரே அவ்வீரர்களை வியந்து புகழ்ந்தார். அன்று அவருக்குப் போரில் தோல்வியே, புகழில் தோல்வியில்லை.

அப்புகழுக்கு அடுத்த ஆண்டு அவரே களங்கம் தேடிக்கொண்டார். 1871 மார்ச்சில் பாரிஸ் மக்கள் வெர்ஸேல்ஸ் சர்க்காருக்கு எதிராக எழுந்து கம்யூன் ஆட்சியை நிறுவினர். ஜெர்மானியச் சிறையினின்று மீண்டிருந்த காலிபே சர்க்கார் படையில் ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைவரானார். ஏப்ரல் தொடக்கத்திலேயே ஷாத்து என்னும் ஊரில் அகப்பட்ட கம்யூன் வீரர் சிலரை விசாரணையின்றிச் சுடுவித்தார். மே 21 முதல் 28 வரை நகரம் மீட்கப்பட்ட வாரத்தில் நடந்ததோ இன்னும் கொடிது. கைதிகள் வரிசை வரிசையாக வெர்ஸேல்ஸ் சாலையில் நடத்திச் செல்லப்பட்டபோது, காலிபே இடையே நிறுத்தி, முகத்தைப் பார்த்தே சிலரைப் பிரித்துச் சுடுவித்தார். நரைத்த தலையரை அவர் தேடிப் பொறுக்கினார் என்பர். அவர்கள் 1848-ம் வருஷக் கலகத்திலும் இருந்திருப்பார்களாம்! அவ்வாரத்தில் இறந்தோர் தொகை இருபதினாயிரம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் அதைப் பெரிதும் குறைத்துள்ளனர். தொகை எதுவாயினும், குற்றச்சாட்டுமில்லாமல் சாட்சியுமில்லாமல் நரைமயிரையே ருசுவாகக் கொண்ட நியாயஸ்தலம் நாகரிக உலகில் வேறு இருந்ததாக நாம் அறியோம். காலிபே இப்பழியை மறுக்க முயன்றதுமில்லை.

முடியரசுப் பற்றுள்ள பிரபுக்கள் குடியரசை வெறுத்து ஒதுங்கிய காலத்தில், காலிபே அதனுடன் இணங்கினார், காம்பெட்டாவுக்கு நண்பருமானார். குதிரைப்படை விஷயத்தில் அவர் அபிப்பிராயத்துக்கு ஐரோப்பாவெங்கும் மதிப்பிருந்தது. இவையெல்லாம் முடிந்து ஓய்வும் பெற்ற பிறகே ட்ரைபஸ் விவகாரம் அவரைத் திரும்ப அழைத்தது.

1894-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தீவாந்தரம் அனுப்பப்பட்ட யூதராகிய காப்டன் ட்ரைபஸ் நிரபராதி என்பதும், அவருக்கு எதிரான பத்திரமொன்று கர்னல் ஹென்றியின் கள்ளவேலை என்பதும் 1898-ல் வெளியாயின. சைனியமோ தன் தவற்றை ஒப்ப மறுத்தது. ஓராண்டுக்குள் யுத்த மந்திரிகள் ஐவர் வந்து போயினர். 1899 பிப்ரவரியில் தெருலேத் என்பவர் படையைத் தூண்டிக் குடியரசைக் கவிழ்க்க முயன்றார். ஜூனில் ஒரு பிரபு ஜனாதிபதி லூபேயையே கைத்தடியால் அடித்தார். இந்நிலையில் படையை அடக்க, படையினர் துரோகி என்று சொல்லத் துணியாத ஒருவர் வேண்டியிருந்தது. காலிபேயை அழைத்ததன் சூட்சுமம் இதுவே. ஜனப்பிரதிநிதி சபையில் சமதர்மவாதிகள் கொலையாளியென்று கூவியபோது, ஆஜர்ப் பட்டியலில் தம் பெயர் படிக்கப்பட்டதுபோல் அவர் பதில் அளித்தாராம்!

அவர் தயங்கவில்லை. பாரிஸ் ராணுவ கவர்னர் ஸுர்லிண்டன் மாற்றப்பட்டார். சர்க்காரை இகழ்ந்து பேசிய தளபதி நெக்ரியே யுத்த ஆலோசனைச் சபையினின்று நீக்கப்பட்டார். சைனியம் சிவில் அதிகாரத்துக்கு அடங்கியதே என்ற தத்துவத்தை, அதைச் சிறிதும் எதிர்பார்க்கக்கூடாத ஒருவர் நிலைநாட்டினார்.

ஆனால் நீதி வேறு, கட்டுப்பாடு வேறு. செப்டம்பர் 9-ந் தேதி ரென் நகர ராணுவ நியாயஸ்தலம் ஐந்துக்கு இரண்டு வாக்கில் ட்ரைபஸை மறுபடியும் குற்றவாளியென்றது. அத்தீர்ப்பை எதிர்த்தால் படை முழுவதும், தேசத்தில் பெரும்பாலோரும் ஒருபுறமும், மந்திரி சபையும் அந்நிய நாடுகளும் மறுபுறமும் நிற்க நேருமென்று காலிபே பிரதம மந்திரியை எச்சரித்தார். ட்ரைபஸ் தம் அப்பீலை வாபஸ் வாங்கினார்; 19-ந் தேதி மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிப்பு, செய்த குற்றத்துக்கே உரியது. குற்றமற்றவனுக்கு மன்னிப்பளிப்பது மற்றொரு தண்டனை என்பது சட்டம் பயின்ற நமது எண்ணம். க்ளெமென்ஸோவும் இதையே கருதி வருந்தினார். இரண்டு நாள் கழித்து, விவகாரம் தீர்ந்தது, யாவரும் மறந்துவிடுக என்று காலிபே சைனியத்துக்கு உத்தரவிட்டார். 1871-ல் தீர்ப்புக்குக் காத்திராதவர், 1899-ல் தவறான தீர்ப்பைத் திருத்தவும் காத்திருக்கவில்லை.

1900 மே மாதம், ரகசியக் காகிதங்களை வெளியிட்ட ஓர் உத்தியோகஸ்தரைப் பிரதம மந்திரி சபையில் கடுஞ்சொல்லால் கண்டித்தபோது, காலிபே எழுந்து வெளியேறி, தேக அசௌக்கியத்தைக் காரணங்காட்டி ராஜிநாமாச் செய்தார். பதினொரு மாதமே மந்திரியாயிருந்தார். அவருக்குப்பின் வந்த தளபதி ஆந்த்ரே உத்தியோகஸ்தர்களின் மதப்பற்றை ரகசியமாக வேவு பார்த்த ஏற்பாடு வெளியாகி, 1904-ல் அவரும் விலக நேர்ந்தது.

உயர்நீதி ஸ்தலம் ரென் தீர்ப்பை ரத்துச் செய்து, ட்ரைபஸ் முற்றும் நிரபராதி என்று விளம்பியது 1906 ஜூலை 12-ந் தேதி. காலிபே அதைக் காணும்வரை உயிர் வாழ்ந்திருந்தார். மூன்றாண்டுக்குப் பின், 1909 ஜூலை 8-ந் தேதி, காலமானார்.