கல்லிடம் கேள்வி கேட்டவர்

1863ஆம் ஆண்டு, மே மாதம் முப்பதாம் நாள். கத்திரி வெயில் ஓய்ந்தும் ஓயாத நேரம். சென்னையை அடுத்த பல்லாவரத்தில், பட்டாளத்தார் அணிவகுக்கும் திடலுக்கு அருகே, சரளை எடுப்பதற்காகத் தோண்டிய ஒரு குழி. அந்தக் குழியிலிருந்து வாரிக் கொட்டிய கல்லையும் மண்ணையும் கிளறிக் கொண்டிருக்கிறார் ஒரு வெள்ளைக்காரர். வயது இருபத்தெட்டு. குனிகிறார். ஒரு கல்லை எடுக்கிறார். மண்ணைத் துடைக்கிறார். திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

ஆயிரம் கற்களில் ஒரு கல்தான் அது. அந்தக் குழியைத் தோண்டிய கூலியாள் அதைக் கண்டிருப்பான், மண்வெட்டியால் ஒதுக்கித் தள்ளியிருப்பான். அவன் குற்றமல்ல அது. அன்றைய கூலிக்குக் குழி தோண்டுகிறவனிடம், இந்தக் கல் உன் வரலாறு என்று சொல்வதற்கு அன்று எவரும் இல்லை!

அந்த வெள்ளைக்காரர்தான் இராபர்ட் புரூஸ் பூட். அவர் கையில் இருந்தது பழைய கற்காலத்துக் கைக்கோடரி. இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற கேள்விக்கு வேதம் விடை சொல்லவில்லை, புராணம் விடை சொல்லவில்லை. பல்லாவரத்துச் சரளைக் குழி சொல்லிற்று!

யார் இந்தப் பூட்? அரசன் அல்ல, தளபதி அல்ல, கவர்னர் அல்ல. மாதச் சம்பளம் வாங்கிய அலுவலர். 1834இல் இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் பிறந்தவர். 1858இல், இருபத்து நான்காம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்.

அந்தத் துறை எதற்காக ஏற்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது அறிவுத் தாகத்தால் மட்டும் பிறந்த துறையல்ல. 1851இல் அதைத் தொடங்கியபோது வெள்ளை அரசு தேடியது நிலக்கரி. இரயில் ஓட வேண்டும், கப்பல் ஓட வேண்டும், அதற்குக் கரி வேண்டும். இரும்பு எங்கே, பொன் எங்கே என்று அறிய வேண்டும். நாட்டைப் பிடித்தவன், பிடித்த நாட்டின் அடிவயிற்றில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்தான். அந்த வேலைக்கு வந்தவர்தான் பூட். இந்த உண்மையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டே அவரைப் பாராட்டுவோம். பாராட்டுவதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய தேவை பகுத்தறிவாளனுக்கு இல்லை.

பூட்டின் வேலை நடப்பது. குதிரையில் போகலாம், மாட்டு வண்டியில் போகலாம். ஆனால் பாறையைப் பார்க்க வேண்டுமானால் இறங்கி நடக்கத்தான் வேண்டும். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு என்று மாவட்டம் மாவட்டமாக நடந்தார். வில்லியம் கிங் என்ற தோழருடன் சேர்ந்து இந்தப் பகுதிகளின் நிலவியல் பற்றி எழுதிய அறிக்கை 1864இல் வெளிவந்தது. எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த அடுக்கு மேலே, எந்த அடுக்கு கீழே என்று எழுதி, வரைபடத்தில் கோடு கிழித்துக் காட்டிய வேலை அது.

சேலத்துத் தொழிலாளத் தோழர்களுக்கு அந்த நிலத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் அங்கேதான் கிடைக்கிறது. உருக்காலை உலையின் உட்சுவர் அந்தத் தீயில் தானும் உருகிவிடாமல் காப்பது அந்தக் கல். கஞ்சமலையில் இரும்புக்கல். சேர்வராயன் மலையின் தலையில் அலுமினியத்துக்குத் தாயான பாக்சைட். இவையெல்லாம் பின்னாளில் ஆலைக்குப் போயின. ஆனால் எந்தச் சுரங்கத்துக்கும் முன்னால் ஒருவன் சுத்தியலோடும் குறிப்புப் புத்தகத்தோடும் நடந்திருக்கிறான். ஆலை எழுவதற்கு முன் ஆராய்ச்சி எழுகிறது. இதை மறந்த நாடு, பிறர் கண்டுபிடித்ததை விலை கொடுத்து வாங்கும் சந்தையாகவே கிடக்கும்.

பல்லாவரத்துக் கல்லுக்கு வருவோம். அது மனிதன் செதுக்கியது என்று பூட்டுக்கு எப்படித் தெரிந்தது? மந்திரம் இல்லை, மாயம் இல்லை. தானாக உடைந்த கல், உடைந்தபடி கிடக்கும். இந்தக் கல்லிலோ இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்த தழும்புகள். அடியில் பிடி, நுனியில் கூர், ஓரமெங்கும் வெட்டு. ஒரு நோக்கம் இல்லாமல் அந்த வடிவம் வராது.

அதற்கு முன்பே பிரான்சு நாட்டில், அபெவில் என்ற ஊரில், பூஷே தெ பெர்த் என்ற சுங்க அதிகாரி இப்படிப்பட்ட கற்களை ஆற்றுச் சரளையிலிருந்து எடுத்து, இவை மிகப் பழைய மனிதனின் கருவிகள் என்று சொல்லியிருந்தார். அறிஞர் கூட்டம் நகைத்தது. சுங்கம் வாங்குகிறவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேலி பேசிற்று. ஆண்டுக் கணக்கில் அந்த ஏளனத்தைத் தாங்கி நின்றார் அவர். 1859இல் ஆங்கில அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பூட் இங்கே தேடினார். பிரான்சில் இருந்தால் தமிழகத்தில் ஏன் இருக்கக் கூடாது? இந்த ஒரு கேள்விதான் பல்லாவரத்தின் பூட்டைத் திறந்த சாவி.

அதே ஆண்டு செப்டம்பரில், பூட்டும் கிங்கும் கொசத்தலையாற்றுப் பக்கம் போனார்கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர். அங்கே ஓடையோரத்தில் ஒன்றல்ல, இரண்டல்ல, குவியல் குவியலாகக் கற்கருவிகள்! குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லில் செதுக்கியவை. பின்னால் உலகம் இந்த வகைக்குச் சென்னையின் பெயரையே சூட்டிற்று.

அதன்பிறகும் அவர் ஓயவில்லை. கர்நூல் பக்கத்துக் குகைகளில் மண்ணை அகழ்ந்து, அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளை எடுத்தார்; அந்த வேலையில் அவர் மகனும் துணை நின்றார். திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்துச் செம்மணல் தேரியில் நகத்தளவு கற்கருவிகளைக் கண்டார். தார்வாரிலிருந்து மைசூர் வரை பட்டை பட்டையாக ஓடும் பாறைகளைத் தனிப் பிரிவாக வகுத்து, தென்னாட்டுத் தங்கம் பெரும்பாலும் இந்தப் பட்டைகளில்தான் என்று எழுதினார். கோலார் தங்கவயல் அப்படிப்பட்ட ஒரு பட்டையில்தான் இருக்கிறது.

கோலார் என்றதும் தமிழ்ப் பாட்டாளியின் நெஞ்சு துணுக்குறும். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் போய், பூமிக்குள் இறங்கி, பொன்னை மேலே அனுப்பிவிட்டு, நுரையீரலில் கல்தூசியோடு வீடு திரும்பியவர்கள் நம்மவர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போன இடம் வேறு, புழுதி தங்கிய இடம் வேறு. ஆராய்ச்சி கண்டது நிலத்தின் செல்வம். அது எவர் கைக்குப் போவது என்பதை ஆராய்ச்சி முடிவு செய்யவில்லை, அதிகாரம் முடிவு செய்தது. அறிவு ஒருவனிடமும் உழைப்பு மற்றொருவனிடமும் பிரிந்து கிடக்கும் வரை இந்தக் கதைதான் நடக்கும்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்து, 1891இல் ஓய்வு பெற்றார் பூட். பிறகு பரோடாவிலும் மைசூரிலும் நிலவியல் பணி. அதன்பின்? கப்பலேறிப் போய்விட்டாரா? இல்லை! ஏற்காட்டுக்கு வந்தார். சேலம் கலெக்டராய் இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பிச் செடி ஏறிய மலை அது. அங்கே ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் குடியிருந்தார்.

அந்த மலையோடு அவருக்கு இன்னொரு உறவும் உண்டு. அவர் முதல் மனைவி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், தினவர்த்தமானி இதழை நடத்தியவர், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர் அந்தப் பெர்சிவல். 1882இல் ஏற்காட்டில்தான் மறைந்தார். மாமனார் தமிழன் வாயிலிருந்து உதிர்ந்த பழமொழிகளைப் பொறுக்கினார். மருமகன் தமிழ் மண்ணில் உதிர்ந்த கற்களைப் பொறுக்கினார்.

ஐவி காட்டேஜில் பூட் சும்மா இருக்கவில்லை. நாற்பதாண்டுக்கு மேலாகச் சேர்த்த கற்களையும் பானை ஓடுகளையும் வகைப்படுத்தினார். எந்த ஊர், எந்த ஓடை, எந்தக் கரை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. நானூற்றுக்கு மேற்பட்ட இடங்கள்! 1904இல் அந்தத் திரட்டைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கிற்று. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார், வயது எழுபத்தெட்டு. அவர் எழுதிய பட்டியல் 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அச்சேறின. ஆசிரியர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால் காணவில்லை. ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவு இருக்கிறது.

சேர்வராயன் மலையில் அவர் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிய கற்காலத்து மனிதன் வழவழப்பாகத் தேய்த்துச் செய்த கற்கோடரிகள் அந்த மலைநிலத்தில் கிடைத்தன. கண்டெடுத்த மலைமக்கள் அவற்றைப் பிள்ளையார் கோயிலில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்!

சிரிக்காதீர்கள், தோழர்களே! இத்தகைய கல்லை இடியோடு விழுந்த கல் என்று நம்பி ஐரோப்பாவிலும் வீட்டில் வைத்துக் காத்தார்கள். இனம் தெரியாத பொருளைக் கண்டால் மனிதன் முதலில் கும்பிடுகிறான். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காடு வெட்டிய கருவி அது, கழனி திருத்திய கருவி அது. ஓர் உழைப்பாளி உட்கார்ந்து நாள்கணக்கில் தேய்த்துக் கூராக்கிய கருவி. பாட்டன் பயன்படுத்திய கோடரிக்குப் பேரன் சூடம் காட்டினான். கருவியை வணங்கினான், கருவியைச் செய்த கையை மறந்தான். பூட் அந்தக் கல்லைப் பழிக்கவில்லை, அந்த மக்களையும் பழிக்கவில்லை. கேள்வி கேட்டார். விடை வந்தது.

பூட்டுக்குத் தெரியாத விடையும் உண்டு. அத்திரம்பாக்கத்துக் கற்கள் மிகப் பழையவை என்று அவர் அறிந்தார். எத்தனை ஆண்டு என்று சொல்ல அன்று வழியில்லை. 1999இல் தொடங்கி அதே இடத்தைச் சாந்தி பப்பு என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மீண்டும் அகழ்ந்தார்கள். நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர் பட்டுச் சில தனிமங்கள் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் என்று கணக்கிடலாம். 2011இல் முடிவை வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு!

உடனே மேடையேறி, பார்த்தீர்களா, தமிழன் 15 இலட்சம் ஆண்டுப் பழையவன் என்று முழங்கத் தோன்றுகிறதல்லவா? கூடாது! அந்தக் கோடரியைச் செதுக்கியவன் தமிழனும் அல்ல, ஆரியனும் அல்ல. இன்றைய மொழிகள் எவையும் அன்று இல்லை. நம்மைப் போன்ற மனித இனமே அன்று தோன்றவில்லை. நமக்கு முந்திய வேறொரு மனித இனத்தின் கைவேலை அது. இதை மறைத்துப் பெருமை பேசினால், புராணக்காரனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவன் கதையை வரலாறு என்கிறான். நாம் வரலாற்றைக் கதையாக்குவோம், அவ்வளவுதான்!

நமக்கு உண்மையே போதும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைச் சோதித்து, அங்கே இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். அந்தப் பெருமை ஆய்வுக்கூடத்தில் நின்று வந்த பெருமை. எவரும் அதைத் தட்டிப் பறிக்க முடியாது. தக்க சான்று வந்தால் திருத்திக்கொள்ளவும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.

செம்மநத்தத்திலும் அதைப் போன்ற மலைச் சிற்றூர்களிலும் இருக்கும் தோழர்களுக்கு ஒரு சொல். நத்தம் என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். எத்தனை தலைமுறை குடியிருந்தது என்று சொல்லும் சான்று உங்கள் காலடியில் கிடக்கலாம். கிணறு வெட்டும்போதும், சாலை போடும்போதும், காப்பிக்குக் குழி எடுக்கும்போதும் முதலில் அதைக் காணப்போவது பேராசிரியர் அல்ல, மண்வெட்டி பிடித்த நீங்கள்தான். வழவழத்த கல்லோ, பழைய பானை ஓடோ தென்பட்டால் உடைக்காதீர்கள், விற்காதீர்கள், கும்பிடவும் வேண்டாம். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இடம் தெரியாத கல் ஊமைக் கல். கிடந்த இடமும் அடுக்கும்தான் அதற்கு வாய்.

பல்லாவரத்துக் குழியைத் தோண்டியவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த குழியைத் தோண்டுகிறவனின் பெயராவது ஏட்டில் ஏறட்டும். மண்வெட்டி பிடித்த கையே குறிப்பும் எழுதட்டும். அதற்காகத்தான் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்கிறோம்!