டாரதியா லாங் அம்மையார்

உலகிற் பெரியோர் எனப் போற்றப்படுவோருட் சிலர் வாளாற் பெயர் பெற்றனர். சிலர் நாவன்மையாற் பெயர் பெற்றனர். வேறு சிலர் எழுதுகோலாற் பெயர் பெற்றனர். இவை யாவும் இன்றி, புகைப்படக் கருவி ஒன்றையே துணையாகக் கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, வீடின்றி மோட்டார் வண்டிகளிற் குடியிருந்த ஏழை மக்களுக்காகச் சர்க்காரின் பொக்கிஷம் திறக்கத் துணைநின்ற பெண்மணி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். டாரதியா லாங் என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1895-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள், நியூ ஜெர்சி மாகாணத்து ஹோபோக்கன் என்னும் ஊரிற் பிறந்தார். இவர்தம் முன்னோர் ஜெர்மனி நாட்டினின்றும் குடியேறியவர். ஏழாம் வயதில் இளம்பிள்ளைவாத நோய் இவரைப் பற்றியது. உயிர் பிழைத்தாரெனினும் வலக்கால் மெலிந்து போயிற்று. அன்று முதல் இறுதிநாள் வரையில் நொண்டியே நடக்க வேண்டியவரானார். பன்னிரண்டாம் வயதில் மற்றொரு துன்பம் நேர்ந்தது. தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டு நீங்கினார். மகளாரும் பிற்காலத்தில் தந்தையின் குடிப்பெயரை நீக்கி, தாயார் பிறந்த குடியின் பெயராகிய லாங் என்பதையே தமக்குரியதாகக் கொண்டார்.

தாயார் நியூயார்க்கு நகரின் ஏழை மக்கள் நெருங்கி வாழும் பகுதியில் ஒரு நூல் நிலையத்திற் பணிபுரிந்து குடும்பத்தைக் காத்தார். சிறுமியாகிய டாரதியா அந்நெரிசலான தெருக்களிலே தனியே நடந்து பழகினார். பிறர் தம்மை உற்றுநோக்காதவாறு ஒதுங்கி, தாம் பிறரை உற்றுநோக்கும் வழக்கம் இவ்வாறு இவர்க்கு அமைந்தது. தமது வாழ்வைச் செப்பனிட்டவற்றுள் கால் ஊனமே தலையாயது என்று இவர் முதுமையிற் கருதினார். ஊனம் என்று உலகம் இரங்குவதொன்று, பிறர் துன்பத்தை அறியும் வாயிலாக மாறியமை நாம் சிந்திக்கத்தக்கது.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்தபின், தாம் புகைப்படக் கலைஞராகப் போவதாக இவர் வீட்டாரிடம் உறுதியாகக் கூறினார். அப்பொழுது இவரிடம் புகைப்படக் கருவி ஒன்றுகூட இல்லை! ஆர்னால்டு கெந்தே முதலிய கலைஞர்களிடம் வேலை பார்த்தும், கொலம்பியா சர்வகலாசாலையில் கிளாரன்ஸ் ஒயிட் என்பாரிடம் பாடங்கேட்டும் தொழிலைக் கற்றார். 1918-இல் தோழி ஒருத்தியுடன் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார். சான் பிரான்சிஸ்கோ நகரை அடைந்தபோது கைப்பணம் களவு போயிற்று. பயணம் அவ்வளவில் நின்றது. ஆயினும் வாழ்க்கை அவ்விடத்தே தொடங்கிற்று. புகைப்படப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் வேலைக்கமர்ந்து, விரைவிலேயே தமக்கெனப் படநிலையம் ஒன்றை நிறுவினார். நகரத்துச் செல்வர்கள் தங்கள் உருவப்படங்களுக்காக இவரை நாடி வந்தனர். 1920-இல் மேனார்டு டிக்சன் என்னும் ஓவியரை மணந்து, இரு புதல்வரைப் பெற்றார்.

இவ்வாறு வளமாகச் சென்றுகொண்டிருந்த வாழ்வை 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி மாற்றியது. 1933-ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிலாளருள் நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். படநிலையத்தின் சாளரத்தருகே நின்று கீழே நோக்கிய அம்மையார், போக்கிடமின்றித் தெருவில் திரியும் மக்களைக் கண்டார். கண்டபின் செல்வர் முகங்களைப் படமெடுப்பதில் அவர் மனம் செல்லவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இலவச ரொட்டிக்காகக் காத்துநின்ற கூட்டத்தின் நடுவே, கையில் தகரக் குவளையுடன் புறந்திரும்பி நின்ற முதியவர் ஒருவரை அவ்வாண்டில் எடுத்த படம் இன்றும் போற்றப்படுகின்றது.

இனி, வண்டிகளிற் குடியிருந்தோர் யாவர் என்பதைக் கூறுவோம். ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்க்கன்சஸ் முதலிய மாகாணங்களில் விளைபொருளின் விலை வீழ்ந்தது, மழை பொய்த்தது, உழுது தளர்ந்த மண் காற்றிலே புழுதியாய் எழுந்து வானை மறைத்தது. டிராக்டர் வந்தபின் வாரக்குடிகளின் தேவையும் குறைந்தது. நிலமிழந்த குடும்பங்கள் படுக்கை, அடுப்பு, பாத்திரங்களைப் பழைய மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டன. ஆங்குப் பருத்தியும், பட்டாணியும், பழங்களும் பெரும் பண்ணைகளில் விளைந்தன. ஆயினும் பறிக்கும் காலம் சில வாரங்களே. ஒரு பண்ணையில் வேலை முடிந்தவுடன் அடுத்த பண்ணையைத் தேடி ஓட வேண்டும். எனவே வண்டியே வீடாயிற்று. வாய்க்கால் கரையே ஊராயிற்று. குளிப்பதும், துவைப்பதும், குடிப்பதும் அவ்வொரு வாய்க்கால் நீரே. சிறுவர் நோயுற்றனர், பள்ளி என்பது எட்டாப் பொருளாயிற்று.

மனைவி மக்களோடு வண்டிகளிற் சென்று உப்பு விற்ற உமணரைப் பண்டைத் தமிழ் நூல்களிற் பயின்றுள்ளோம். உமணர்க்கு விலைகூறி விற்க உப்பு இருந்தது. அதனை எதிர்பார்த்து வரவேற்க ஊர்களும் இருந்தன. இம்மக்களுக்கோ விற்பதற்குத் தம் கைகளையன்றி வேறொன்றில்லை. கைகள் வேண்டப்பட்ட காலத்தும் அக்கைகளுக்குரியோர் வேண்டப்படவில்லை. 1936-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் போலீசார் மாகாண எல்லைக்கே சென்று, பொருளற்று வருவோரைத் திருப்பி அனுப்பினர் என்றால், இவர்கள் பட்ட அவமதிப்பை வேறு எவ்வாறு விளக்குவது?

அம்மையாரின் படங்கள் 1934-இல் ஓக்லண்டு நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பொருளாதார ஆசிரியர் பால் டெய்லர் என்பார் கண்டார். மாகாணத்தின் அவசர நிவாரண அலுவலகத்துக்காக நாடோடித் தொழிலாளரின் நிலையை ஆராயும் பொறுப்பு அவரிடம் இருந்தது. எழுத்து மட்டும் அதிகாரிகளின் நெஞ்சை அசைக்காது, படமும் வேண்டும் என்று அவர் துணிந்தார். அலுவலகத்திலோ புகைப்படக்காரர்க்குச் சம்பளம் தர விதியில்லை. ஆகவே 1935-இல் அம்மையார் தட்டெழுத்தர் என்ற பெயரால் பதிவு செய்யப்பெற்றுச் சம்பளம் பெற்றார்! இருவரும் வயல் வயலாகச் சென்றனர். ஆசிரியர் மக்களிடம் உரையாடிக் கூலி, குடும்பம், வந்த வழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். அம்மையார் படம் எடுப்பார். மக்கள் கூறிய சொற்களையும் மறவாது எழுதி வைப்பார். அவ்வாண்டின் இறுதியில், இருவரும் தத்தம் முந்தைய மணத்தை நீக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் மணந்தனர்.

அவர்களுடைய அறிக்கைகள் வாஷிங்டன் வரையிற் சென்றன. கேட்டது அரண்மனை அன்று. கூடாரம் அடிக்கச் சமனான தளம், நல்ல குடிநீர், குளிக்குமிடம், கழிப்பிடம் இவையே. இவற்றுக்காக நிவாரண நிதியினின்றும் 20,000 டாலர் ஒதுக்கப்பெற்றது. மேரிஸ்வில், அர்வின் என்னும் ஈரிடங்களில் 1935-இல் முகாம்கள் எழுந்தன. இதனை எதிர்த்தோரும் பலர். வண்டியில் வாழ்வோர்க்கு இடங்கொடுத்தால் அவர்கள் நிலையாகத் தங்கிவிடுவர் என்றனர் சிலர். ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக் கூலி உயர்த்தக் கேட்பர் என்று அஞ்சினர் பண்ணையார். வரிப்பணத்தை வழிப்போக்கர்க்குச் செலவிடுவது முறையோ என்று வினவினர் வேறு சிலர். முகாமின் நடைமுறையே இவர்களுக்கு விடையாயிற்று. ஆங்கு வாழ்ந்தோர் தம்முள் குழுக்களைத் தேர்ந்தெடுத்துத் தூய்மையையும் ஒழுங்கையும் தாமே காத்துக்கொண்டனர். ஒரு சிறு தொகையோ உழைப்போ கைம்மாறாக அளித்தனர். அர்வின் முகாமை நடத்திய தாம் காலின்ஸ் என்பாரின் உதவியைப் பெற்ற ஜான் ஸ்டைன்பெக், 1939-இல் வெளியான தமது புகழ்பெற்ற நாவலின் சமர்ப்பணத்தில் அவர்க்கும் ஓரிடம் அளித்தார்.

அம்மையாரின் பெயரை உலகறியச் செய்த படம் 1936 மார்ச்சு மாதத்தில் எடுக்கப்பட்டது. அப்பொழுது அவர் மத்திய சர்க்காரின் மறுகுடியேற்ற இலாகாவிற் பணிபுரிந்தார். ஒரு மாதம் அலைந்து களைத்து, மழையில் வீடு நோக்கி வண்டியை ஓட்டிவந்தவர், நிப்போமோ என்னுமிடத்தில் பட்டாணி பறிப்போர் முகாமின் அறிவிப்புப் பலகையைக் கண்டார். நிற்காது கடந்தார். இருபது மைல் சென்றபின்னும் மனம் ஒப்பவில்லை, திரும்பினார். குளிரில் பட்டாணிப்பயிர் அழிந்தமையால் ஆங்கிருந்தோர் வேலையும் உணவும் இன்றி வாடினர். கிழிந்த கூடாரத்தில் மக்களோடு அமர்ந்திருந்த முப்பத்திரண்டு வயதுத் தாயொருத்தியைச் சில படங்கள் எடுத்தார். அங்கு அவர் இருந்தது பத்து நிமிடத்துக்கு மேலிராது. சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் செய்தி வெளியாயிற்று. அம்முகாமுக்குச் சர்க்கார் 20,000 இராத்தல் உணவுப்பொருள் அனுப்பியது.

இவ்வளவில் வரலாற்றை முடித்தால் அது புகழ்மாலையாகுமேயன்றி உண்மையாகாது. உணவு வந்து சேருமுன் அத்தாய் தன் மக்களோடு வேற்றிடம் சென்றுவிட்டாள். அம்மையார் அவள் பெயரைக் கேட்கவில்லை. உணவுக்காக வண்டியின் சக்கர டயர்களை அக்குடும்பத்தார் விற்றதாக அம்மையார் எழுதிய குறிப்பையும் அவர்கள் பின்னர் மறுத்தனர். 1978-இல் அப்பெண்மணி தம்மை வெளிப்படுத்திக்கொண்டார், செரோக்கி இனத்தவர், உழைத்தே மக்களை வளர்த்தவர். தம் முகம் நாடெங்கும் பரவியும் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லையே என மனம் வருந்தினார். படம் சர்க்காருக்குரியதாகலின் அம்மையாரும் அதனாற் பொருள் ஈட்டவில்லை என்பது மெய்யே. ஆயினும் ஏழையின் முகத்தை உலகுக்குக் காட்டுவோர் அவ்வேழையின் பெயரையும் சொல்லையும் கேட்டறியக் கடமைப்பட்டவர் அல்லரோ? வயல்தோறும் மக்கள் மொழியைக் குறித்துக்கொண்ட அம்மையார் அன்று ஒருநாள் அதனைச் செய்யாதது குறையே. குறையைக் கூறுவதால் அவர் தொண்டின் பெருமை குன்றாது.

இதனின்று நாம் அறிய வேண்டுவது மற்றொன்றும் உண்டு. 20,000 இராத்தல் உணவு ஒரு நாட் காருண்யம். அது பலர் பசியைத் தீர்த்ததெனினும், எவள் முகம் காரணமாக வந்ததோ அவளைத் தவறவிட்டது. 20,000 டாலரால் எழுந்த முகாமோ ஓரிடத்தே நின்று, இன்று வந்தவனையும் நாளை வருபவனையும் ஏற்றுக்கொண்டது. சக்கரத்தின்மேல் வாழ்வோரைத் துரத்திப் பிடித்து உதவுதல் அரிது. அவர்கள் வந்து சேர ஓரிடம் அமைத்தலே தக்கது. அதற்கு இரக்கம் மட்டும் போதாது. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கில் அதற்கென ஒரு தொகையும் வேண்டும்.

அம்மையார் 1939-இல் தம் கணவருடன் சேர்ந்து, குடிபெயர்ந்த உழவரைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1942-இல் அமெரிக்கச் சர்க்கார் ஜப்பானிய வம்சத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேரை வீட்டினின்றும் பெயர்த்துக் காவல் முகாம்களில் அடைத்தபோது, அதனைப் படமெடுக்க இவரையே அமர்த்தியது. வீடற்றோர்க்கு வீடு தேடித் தந்தவர், வீடுடையோர் வீடிழப்பதைக் காண நேர்ந்தது. அநீதியை அநீதியாகவே காட்டிய அப்படங்களை இராணுவத்தார் போர் முடியுமட்டும் முடக்கி வைத்தனர். பின்னர் நெடுங்காலம் வயிற்றுநோயால் வருந்திய அம்மையார், 1965 அக்டோபர் 11-ஆம் நாள், எழுபதாம் வயதில், புற்றுநோயால் உயிர் நீத்தார். நியூயார்க்கு நகரத்து நவீனக் கலைக்கூடத்திற்காக அவர் தாமே தேர்ந்தெடுத்த படங்களின் கண்காட்சி, மறு ஆண்டின் தொடக்கத்தில், அவர் இன்றியே நடந்தது.

முகாம்களை நடத்திய இலாகா 1946-இல் கலைக்கப்பட்டது. அர்வின் முகாமின் பழைய கட்டடங்கள் 1996-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஆயின் அக்கட்டடங்களை எழுப்பிய தேவை இன்னும் வரலாறாகிவிடவில்லை. அதே கலிபோர்னியாவில் இன்று வீட்டு வாடகை தாளாது காரிலும் வேனிலும் உறங்குவோர் பல்லாயிரவர். நிப்போமோவுக்குத் தெற்கே அதே கடற்கரையிலுள்ள சாண்டா பார்பராவில், இத்தகையோர் இரவில் அச்சமின்றி வண்டியை நிறுத்தவும் பின்பு வீடு பெறவும் உதவும் ஏற்பாடு 2004-இல் தொடங்கிற்று. பிற நகரங்களும் பொதுப்பணத்தால் இவ்வழியிற் சென்றுள்ளன. அன்று எழுந்த தடைகளே இன்றும் எழுகின்றன: இடங்கொடுத்தால் தங்கிவிடுவரே என்பர். தங்குவதற்கன்றோ மனிதன் வீடு தேடுகின்றான்?

கல்வி கற்கும் நாம் அனைவரும் புகைப்படக் கலைஞர் ஆக இயலாது, ஆகவும் வேண்டுவதில்லை. கடந்துபோன இருபது மைலைத் திரும்பிவர மனம் இருந்தாற் போதும். திரும்பி வந்து கண்டதை அதிகாரமுடையோர் காணுமாறு செய்தலும், கண்டபின் அவர்கள் கணக்கில் ஏழைக்கு ஓர் இடம் கேட்டலும் நம்மனோர்க்கும் கூடியனவே. அங்ஙனம் செய்யுமிடத்து, எதிரே நிற்பவரின் பெயரையும் கேட்டறிவோமாக.