பனிவெளியைக் கடந்தவர் தந்த ஆவணம்

மதுரை ஆனையூரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமைக் கடக்கும்போதெல்லாம், நார்வே நாட்டின் ஃபிரிட்யாஃப் நான்சென் என் நினைவுக்கு வருகிறார்.

1861-இல் பிறந்த அவர், இளமையிலேயே பனிச்சறுக்கில் தேர்ந்தவர். 1884-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தலைநகரில் நடைபெற்ற பனிச்சறுக்குப் போட்டியில் பங்கேற்க, பெர்கன் நகரிலிருந்து புறப்பட்டு, இடையிலுள்ள மலைகளைச் சறுக்குப் பலகைகளிலேயே கடந்து சென்றார்.

1888-இல் ஐந்து துணைவர்களுடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். குடியிருப்புகள் இருந்தது மேற்குக் கரையில். கிழக்கில் தொடங்கினால் பின்வாங்க வழியில்லை. அதற்காகவே அத்திசையைத் தேர்ந்தெடுத்தார்.

திரும்பிச் செல்ல வழியில்லாத நிலையை அவர் விரும்பி ஏற்றார். அந்நிலைக்குத் தள்ளப்பட்டவர்களுக்காகவே பிற்காலத்தில் உழைத்தார். 1921-இல் சர்வதேச சங்கம் அவரை அகதிகளுக்கான உயர் ஆணையராக நியமித்தது. ரஷியப் புரட்சிக்குப் பின் குடியுரிமை இழந்த லட்சக்கணக்கானோர், எந்த நாட்டு எல்லையையும் கடக்க இயலாமல் தவித்தனர். அவர்களுக்காக 1922-இல் அவர் உருவாக்கிய பயண ஆவணமே 'நான்சென் பாஸ்போர்ட்'. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. அவ்வாண்டே அமைதிக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1930-இல் மறைந்தார்.

அகதிகள் தொடர்பான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. ஆனால், இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பலரின் குடியுரிமைக் கேள்வி இன்னும் விடையின்றியே நிற்கிறது. பெயர் மாற்றத்துக்கு அடுத்த படி, அவர்கள் கையில் ஓர் ஆவணம் தருவதுதான்.