மில்லார்ட் ஃபில்மோர்

மில்லார்ட் ஃபில்மோர் (சனவரி 7, 1800 – மார்ச் 8, 1874) ஐக்கிய அமெரிக்காவின் 13 ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். 1850 முதல் 1853 வரை இப்பதவியில் இருந்தார். விக் கட்சியைச் சேர்ந்த கடைசிக் குடியரசுத் தலைவர் இவரே. அதற்கு முன்னர் நியூயார்க் மாநிலத்தின் கம்ப்ட்ரோலர், அதாவது தலைமைக் கணக்காயர் பதவியை வகித்தார். மக்களின் நேரடி வாக்கால் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலாமவர் இவர் ஆவார்.

இளமைக் காலம்

ஃபில்மோர் நியூயார்க் மாநிலத்தின் கயூகா கவுண்டியில் ஒரு மரக்குடிலில் பிறந்தார். தந்தை நத்தானியேல், தாய் ஃபீபி. நில உரிமை ஆவணத்தில் இருந்த குறைபாட்டால் தந்தை தம் நிலத்தை இழந்து குத்தகை விவசாயியாக வாழ்ந்தார். ஃபில்மோர் 14 ஆவது வயதில் துணி பதப்படுத்தும் தொழிலுக்குப் பயிற்சியாளராக அனுப்பப்பட்டார். பின்னர் 30 டாலர் செலுத்திப் பயிற்சி ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார். தமக்குக் கல்வி கற்பித்த அபிகாயில் பவர்சை 1826 இல் மணந்தார். 1823 இல் வழக்கறிஞரானார். 1830 இல் பஃபலோ நகரில் குடியேறினார்.

அரசியல் நுழைவு

1829 முதல் 1831 வரை நியூயார்க் சட்டமன்றத்தின் கீழவை உறுப்பினராக இருந்தார். கடனைத் திருப்பித் தர இயலாதவர்களைச் சிறையில் அடைக்கும் வழக்கம் 1831 இல் ஒழிக்கப்பட்டதில் இவருக்கு முக்கிய பங்கு உண்டு. பின்னர் ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். அங்கு வரி, வருவாய் தொடர்பான குழுவின் தலைவராக இருந்து 1842 ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டத்தை உருவாக்கினார். 1844 இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் சைலஸ் ரைட்டிடம் தோல்வியுற்றார். ரைட் 1829 முதல் 1833 வரை கம்ப்ட்ரோலராக இருந்தவர்.

கம்ப்ட்ரோலர் பதவியின் பின்னணி

நியூயார்க் மாநிலத்தில் இப்பதவி 1797 இல் ஏற்படுத்தப்பட்டது. மாநிலத்தின் மீதான பணக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பதும், கணக்குகளைத் தணிக்கை செய்வதும் இதன் அடிப்படைப் பணிகள். கருவூலப் பணம் பொருளாளரின் பொறுப்பில் இருந்தது. எனினும் கம்ப்ட்ரோலர் செலுத்தாணை பிறப்பித்த பின்னரே அவர் பணம் வழங்க முடியும். பணத்தை வைத்திருப்பவரும் அதை விடுவிக்க இசைவு தருபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கமாகும்.

1821 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி கம்ப்ட்ரோலரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. ஈரி கால்வாயின் வெற்றியைத் தொடர்ந்து, மாநிலம் பல கிளைக் கால்வாய்களுக்காகக் கடன் வாங்கியது. 1837 இல் ஏற்பட்ட நிதி நெருக்கடிக்குப் பிறகு அக்கடன் பெருஞ்சுமையானது. 1842 இல் கால்வாய்ப் பணிகளை நிறுத்திப் புதிய வரி விதிக்க நேர்ந்தது. இந்த அனுபவத்தின் விளைவாக 1846 இல் புதிய அரசியலமைப்பு உருவானது. பெருங்கடன் வாங்குவதற்கு வாக்காளர்களின் ஒப்புதலை அது கட்டாயமாக்கியது. கம்ப்ட்ரோலர், பொருளாளர், செயலாளர் முதலிய பதவிகளும் மக்கள் தேர்தலுக்கு உட்படுத்தப்பட்டன. பணத்தைச் செலவிட ஒப்புதல் தரும் சட்டமன்றமே கணக்குப் பார்ப்பவரையும் தேர்ந்தெடுக்கும் நிலை இதனால் முடிவுக்கு வந்தது.

கம்ப்ட்ரோலராக

நவம்பர் 1847 இல் நடந்த தேர்தலில் சனநாயகக் கட்சியின் ஓர்வில் ஹங்கர்ஃபோர்டைப் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்று, சனவரி 1, 1848 அன்று ஆல்பனியில் பதவி ஏற்றார். கால்வாய் வாரியத்தின் உறுப்பினராகவும் பணியாற்றினார். பஃபலோவில் கால்வாய் வசதிகள் விரிவாக்கப்பட்டன.

இக்காலத்தில் வங்கிகளின் மேற்பார்வையும் கம்ப்ட்ரோலரின் பொறுப்பாக இருந்தது. அப்போது நாடு முழுவதற்கும் பொதுவான பணத்தாள் இல்லை. வங்கிகள் தத்தம் பணத்தாள்களை வெளியிட்டன. 1838 ஆம் ஆண்டின் சட்டப்படி, வங்கிகள் கடன் பத்திரங்கள் அல்லது நில அடமானங்களைக் கம்ப்ட்ரோலரிடம் ஈடாக ஒப்படைத்து, அவற்றின் மதிப்புக்கேற்பப் பணத்தாள்களைப் பெற்றன. வங்கி முறிந்தால் ஈட்டை விற்றுப் பணத்தாள் வைத்திருப்போருக்கு ஈடு செய்வது கம்ப்ட்ரோலரின் கடமை. ஈடு மதிப்பற்றதானால் இழப்பு கூலித் தொழிலாளர், சிறு வணிகர் ஆகியோரின் கைகளில் இருந்த தாள்களுக்கே நேர்ந்தது. எனவே நியூயார்க் மாநிலப் பத்திரங்களும் கூட்டரசின் பத்திரங்களுமே ஈடாக இருக்க வேண்டும் என ஃபில்மோர் வலியுறுத்தினார். உள்நாட்டுப் போரின்போது 1863, 1864 ஆம் ஆண்டுகளில் காங்கிரசு இயற்றிய தேசிய வங்கிச் சட்டங்கள், கூட்டரசுப் பத்திரங்களை ஈடாகக் கொண்ட இதை ஒத்த முறையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தன.

1848 இல் விக் கட்சி இவரைத் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தியது. வெற்றி பெற்ற பின், பெப்ரவரி 1849 இல் கம்ப்ட்ரோலர் பதவியிலிருந்து விலகினார். ஏறத்தாழ 14 மாதங்களே அப்பதவியில் இருந்தார்.

குடியரசுத் தலைவராக

சூலை 9, 1850 அன்று சக்கரி டெய்லர் இறந்ததால் ஃபில்மோர் குடியரசுத் தலைவரானார். அடிமை முறை தொடர்பாக வடக்கு, தெற்கு மாநிலங்களிடையே பிளவு முற்றியிருந்தது. 1850 ஆம் ஆண்டின் சமரசச் சட்டங்களில் இவர் கையொப்பமிட்டார். கலிபோர்னியா அடிமை முறையற்ற மாநிலமாக இணைந்தது. ஆனால் அவற்றுள் ஒன்றான தப்பியோடிய அடிமைகள் சட்டம், தப்பி வந்தோரைப் பிடித்து மீண்டும் உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூட்டரசு அலுவலர்களைக் கடமைப்படுத்தியது. பிடிக்கப்பட்டவருக்குச் சான்றாயர் விசாரணை மறுக்கப்பட்டது. அவர் தம் சார்பில் சாட்சியம் அளிக்கவும் இயலவில்லை. வட மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் பலர் கனடாவுக்கு வெளியேறினர். ஃபில்மோர் அடிமை முறையை விரும்பாதவர் எனினும், அரசியலமைப்பின்படி அச்சட்டத்தை நிறைவேற்றுவது தம் கடமை எனக் கருதி உறுதியாகச் செயற்படுத்தினார். இதனால் வடக்கில் தம் கட்சியினர் பலரின் ஆதரவை இழந்தார்.

சப்பானுடன் வணிக உறவு ஏற்படுத்த மேத்யூ பெர்ரியின் கடற்படைப் பயணத்தை அனுப்பியவரும் இவரே. 1852 இல் விக் கட்சி இவரை மீண்டும் வேட்பாளராக்கவில்லை.

பிற்காலம்

மனைவி அபிகாயில் 1853 இலும், மகள் மேரி 1854 இலும் இறந்தனர். 1856 தேர்தலில் குடியேறிகளை எதிர்த்த அமெரிக்கன் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டு மேரிலாந்து மாநிலத்தில் மட்டும் வென்றார். 1858 இல் கரோலின் மெக்கின்டாசை மணந்தார். பஃபலோ பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக 1846 முதல் இறக்கும் வரை இருந்தார். மார்ச் 8, 1874 அன்று பஃபலோவில் காலமானார்.

மதிப்பீடு

தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின் காரணமாக, வரலாற்றாளர்களின் தரவரிசைகளில் ஃபில்மோர் பெரும்பாலும் கீழ்நிலையிலேயே வைக்கப்படுகிறார். கம்ப்ட்ரோலர் பணிக்காக நற்பெயர் பெற்றிருந்தார்.

அவருக்குப் பின் அப்பதவியின் பணிகள் மாறின. வங்கி மேற்பார்வை 1851 இல் தனித் துறைக்கு மாற்றப்பட்டது. காப்பீட்டு மேற்பார்வையும் 1860 இல் பிரிந்தது. 1846 இல் தேர்தலுக்கு உட்பட்ட செயலாளர், பொருளாளர் போன்ற பதவிகள் 1920களில் தேர்தலிலிருந்து நீக்கப்பட்டன. கம்ப்ட்ரோலர் பதவியோ இன்றும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மாநில அமைப்புகளையும் உள்ளாட்சிகளையும் தணிக்கை செய்வதுடன், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியின் ஒரே அறங்காவலராகவும் கம்ப்ட்ரோலர் விளங்குகிறார்.