குர்ட் செம்: சிறு துவாரத்தினூடே ஒரு சத்திரசிகிச்சை

அப்பெண்டிசைடிஸ் எனப்படும் குடல்வால் அழற்சியை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது. இன்று அச்சத்திரசிகிச்சை சிறு துவாரங்களினூடாகச் செய்யப்பட்டு, நோயாளி ஓரிரு நாட்களில் வீடு திரும்புவதை நாம் சாதாரண விடயமாகவே கருதுகிறோம். இதற்கு வழி திறந்தவர் ஒரு பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்லர். ஜேர்மனியப் பெண்நோயியல் வைத்தியரான குர்ட் செம் ஆவார்.

1927 இல் மியூனிக்கில் பிறந்த செம், கருவிகள் செய்யும் தொழிலையும் பயின்றவர். அத்தொழிலே பின்னர் அவருக்குக் கைகொடுத்தது. அதுவரை வயிற்றறை நோக்குகுழாய் பெரும்பாலும் பார்ப்பதற்கே பயன்பட்டு வந்தது. குருதி பெருகினால் கட்டுவதற்கு வழியில்லாத இடத்தில் ஓர் உறுப்பை வெட்டியெடுக்க யார்தான் துணிவர்? வாயுவை அளவறிந்து செலுத்தும் தன்னியக்கப் பொறி, குருதிக்குழாயை உள்ளேயே இறுக்கும் நூற்கண்ணி, வைத்தியர்கள் கைப்பழக்கம் பெறுவதற்கான பயிற்சிப் பெட்டி என்பன அவரது முயற்சியால் உருவாயின.

1970 இல் கீல் பல்கலைக்கழக மகளிர் மருத்துவமனையின் தலைமையை அவர் ஏற்றார். அவரது போக்கைக் கண்ட சகாக்கள் சிலர், அவரது மூளையைப் பரிசோதிக்க வேண்டும் என்றே கோரினராம். 1980 செப்டெம்பரில் அவர் நோக்குகுழாய் வழியே குடல்வாலை அகற்றியபோது எதிர்ப்பு உச்சத்தை எட்டியது. ஜேர்மன் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் தலைவர் அவரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்துமாறு கோரினார். அவரது கட்டுரையை அமெரிக்க சஞ்சிகையொன்று நெறிமுறைக்கு மாறானதெனத் திருப்பியனுப்பியது. 1983 இல்தான் அது வேறொரு சஞ்சிகையில் வெளிவந்தது.

எதிர்த்தோர் அனைவரையும் பொறாமைக்காரர் என நாம் தள்ளிவிட முடியாது. பெரிய கீறலில் கைவிட்டு ஆராய்ந்து பழகியோருக்கு, கையே நுழையாத சிகிச்சை அச்சமூட்டியது இயல்பே. குருதி பெருகி உயிராபத்தான நிலையிலுள்ளவருக்கு இன்றும் பல வேளைகளில் வயிற்றைத் திறப்பதே வழி. ஆயினும் பெண்நோயியல் வைத்தியர் தமது எல்லைக்குள் புகுந்தார் என்ற மனத்தாங்கலும் அவ்வெதிர்ப்பில் கலந்திருந்தது என்பதே நமது எண்ணம்.

செம்மின் வழியைப் பின்பற்றிய எரிக் மூஹே, 1985 இல் ஜேர்மனியிலேயே பித்தப்பையை அவ்வாறு அகற்றினார். 1990 அளவில், துளைவிழுந்த இரைப்பைப் புண்ணைப் போன்ற அவசர நோய்களுக்கும் இம்முறை விரிந்தது. ஒருகாலத்தில் இடைநிறுத்தக் கோரப்பட்ட அம்மருத்துவர், தமது முறை உலகெங்கும் பரவியதைக் கண்ட பின்னர், 2003 இல் அமெரிக்காவின் அரிசோனாவில் காலமானார்.